பொதுப் பூனை

இந்த வாரம் பரீட்சையைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. பாட புஸ்தகங்களின் கனத்தைப் பற்றியும், பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்க மறுப்பதைப் பற்றியும் எழுதுவதாக இல்லை. ஒரு பூனையைப் பற்றி எழுதப் போகிறோம். "சரித்திர உபாத்தியாயருக்கு எழுத வேறு விஷயமா அகப்படவில்லை?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். விஷயங்கள் அகப்படாமல் இல்லை. ஆனால் இந்தப் பூனைக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். அந்தக் கணக்கைத் தீர்க்காத வரையில், வேறு எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

2024-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்பதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. நமது பள்ளிக்கூடத்தின் பின்புறச் சுவரோரமாக ஒரு சாக்கடை ஓடுகிறது. அதன் ஒரு பகுதியைச் சிமெண்டுக் குழாய்க்குள் விட்டு, மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள்ளிருந்து இரண்டு நாளாக ஒரு குரல் வந்து கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பையன்கள் முதலில் அதைக் கேட்டார்கள். சொன்னார்கள். நாம் "போய் உட்காருங்கள்" என்றோம். உபாத்தியாயர்களின் காது அப்படிப்பட்டது. பிள்ளைகள் பேசுவதை அடக்கி அடக்கிப் பழகி, அவர்கள் சொல்வதைக் கேட்கும் சக்தி குறைந்து போகிறது.

மூன்றாம் நாள் டிரில் மாஸ்டர் கேட்டார். அவர் ஆறடி உயரம். சட்டையைக் கழற்றிப் பையன் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, கொட்டுகிற மழையில் சேற்றில் குப்புறப் படுத்துத் தோள் வரையில் கையை உள்ளே விட்டார். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த கையில் ஓர் உள்ளங்கை அளவு ஜந்து தொங்கிக் கொண்டிருந்தது. தொங்கியது என்று சொல்வதைவிட, தன் நகங்கள் அத்தனையையும் அவர் மணிக்கட்டில் பதித்துப் பற்றிக் கொண்டிருந்தது என்பதே சரி.

பியூன் அதைக் கரும்பலகை துடைக்கும் துணியால் துடைத்து, விடைத்தாள் கட்டு வந்த அட்டைப் பெட்டியில் வைத்தார். சேறு போனதும் மூன்று நிறங்கள் தெரிந்தன. கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு. "ராஜா மாதிரி இருக்கிறான்! ராஜா என்றே கூப்பிடுவோம்" என்றார் டிரில் மாஸ்டர், கையில் ரத்தம் வடிய. அறையின் மறுகோடியில் நோட்டுப் புஸ்தகங்கள் திருத்திக் கொண்டிருந்த பிராணி சாஸ்திர உபாத்தியாயினி அம்மாள் தலையை நிமிர்த்தாமலே, "ராஜா இல்லை ஸார், ராணி" என்றார்.

எழுந்து வந்து பார்க்காமலே எப்படித் தெரியும் என்று நாம் கேட்டோம். ஆரஞ்சு நிறமா கறுப்பு நிறமா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே இரண்டில் ஒரு நிறந்தான். இரண்டும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் எக்ஸ் இரண்டு இருக்க வேண்டும். அபூர்வமாக ஓர் எக்ஸ் அதிகப்பட்டுப் பிறக்கும் ஆணை நீக்கிவிட்டால், மூவண்ணப் பூனையெல்லாம் பெண்ணே. டிரில் மாஸ்டர் இதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை. அவருக்கு அது ராஜாதான்.

அந்த அம்மாள் இன்னொரு காரியமும் செய்தார். நகம் பட்ட இடத்தைக் கால்மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, அன்று மாலையே டிரில் மாஸ்டரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார். வெறிநோய் நாயினால் மட்டுந்தான் வரும் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பூனையாலும் வரும், வந்துவிட்டால் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம். 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள் ஊசி. இந்த எண்கள் எந்தத் தொடரைச் சேர்ந்தவை என்று கணக்கு வாத்தியார் ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கொண்டார்.

பூனை வந்துவிட்டது. அதற்கு இடம் வேண்டுமே? தலைமை ஆசிரியர் கண்டிப்பானவர். "இது பள்ளிக்கூடமா, மிருகக் காட்சிச் சாலையா?" என்றார். அவரிடம் தூது போகும் வேலை நமக்குக் கிடைத்தது. சரித்திரம் படித்தவனுக்கு உலகத்தில் வேறெந்தப் பிரயோஜனமும் இல்லாவிட்டாலும், முன்மாதிரி காட்டப் பயன்படுகிறான். முதலில் நமது படங்கள் வைக்கும் அறையிலுள்ள ஆசியாக் கண்டத்துப் படத்தைக் கொண்டு போய் அவர் மேஜைமேல் விரித்தோம். எலிகள் சைபீரியாவை முழுதும் தின்றுவிட்டு மங்கோலியாவில் பிரவேசித்திருந்தன. பிறகு 1745-ஆம் வருஷத்துக்குப் போனோம். அந்த வருஷத்தில் ருஷியச் சக்கரவர்த்தினி எலிஸபெத், தம் அரண்மனை எலிகளை ஒழிக்கக் காஸான் நகரத்திலிருந்து நல்ல பூனைகளைப் பிடித்து அனுப்பும்படி கட்டளை பிறப்பித்தார். அதன் பின் 1868. லண்டன் மணியார்டர் ஆபீஸில் எலித் தொல்லை பொறுக்காமல் மூன்று பூனைகளை உத்தியோகத்தில் அமர்த்தினார்கள். அவற்றுக்கு வாரம் இரண்டு ஷில்லிங் வேண்டுமென்று கேட்டார்கள். மேலதிகாரி ஒரு ஷில்லிங்தான் கொடுத்தார். மீதியைப் பூனைகள் எலி பிடித்துச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் அந்த ஒரு ஷில்லிங்கிலும் கை வைக்கப்படும் என்பது நிபந்தனை. லண்டன் தபால் தலைமை ஆபீஸில் 'டிப்ஸ்' என்ற பூனை பதினாலு வருஷம் சேவை செய்து, 23 பவுண்டு எடைக்கு வளர்ந்து, 1964-ல் காலமாயிற்று. 2011-ல் அநாதைப் பிராணிகளின் விடுதியிலிருந்து பிரிட்டிஷ் பிரதம மந்திரியின் வாசஸ்தலத்திற்கு 'லாரி' என்ற பூனை வந்து சேர்ந்தது. அதன் பிறகு பிரதம மந்திரிகள் மாறினார்கள், பூனை மாறவில்லை.

தலைமை ஆசிரியருக்கு அந்த ஆறு மாத நிபந்தனை மட்டும் மிகவும் பிடித்துவிட்டது. "சரி, ஆறு மாதம். பள்ளிக்கூடப் பணத்திலிருந்து ஒரு காசு கிடையாது" என்று உத்தரவாயிற்று. நாங்கள் பதினோரு பேர் தலைக்கு மாதம் ஐம்பது ரூபாய் போடுவதென்று தீர்மானித்தோம். ஆக 550 ரூபாய். கைத்தொலைபேசியில் ஒரு வாட்ஸப் குழுவும் ஏற்படுத்திக் கொண்டோம். இந்தக் காலத்தில் குழு ஏற்படுத்திவிட்டால் காரியம் முடிந்துவிட்டதாகவே அர்த்தம்.

இனிமேல்தான் நாமகரண வைபவம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பூனைக்குப் பெயர் வைப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது அநுபவித்தவர்களுக்கே தெரியும். ஒவ்வொரு பாடமும் தன் கட்சியை விட்டுக் கொடுக்காது. தமிழாசிரியர் "பூசை" என்றார். கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைப் பூசை என்றே சொல்லியிருக்கிறார். அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? "வேண்டாம் ஐயா! 'பூசை எங்கே?' என்று நாம் கேட்க, தலைமை ஆசிரியர் சரஸ்வதி பூஜை என்று நினைத்துக்கொண்டு சுண்டல் எங்கே என்பார்" என்று ஆட்சேபித்தார் கணக்கு வாத்தியார். அவர் கட்சி "பூஜ்யம்". தூங்கும்போது அது வாலையும் மூக்கையும் சேர்த்து அப்படித்தான் சுருண்டு கொள்கிறதாம். மரியாதையும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறதாம். நாம், எகிப்தியர் வணங்கிய பூனைத் தேவதையின் பெயரான "பாஸ்தெத்" என்பதைப் பிரேரேபித்தோம். வீட்டுப் பூனை இறந்தால் அந்நாட்டார் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு துக்கம் காத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருப்பதையும் எடுத்துச் சொன்னோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நாளில் அதைப் "பாஸ்தா" ஆக்கிவிட்டார்கள்.

பௌதிக உபாத்தியாயர் "ஷ்ரோடிங்கர்" என்றார். 1935-ல் அந்த விஞ்ஞானி ஒரு கற்பனைப் பூனையைப் பெட்டியில் அடைத்தார். உள்ளே விஷம் ஒன்று இருக்கிறது. அது வெளிப்படுமா வெளிப்படாதா என்பது ஓர் அணுவின் கையில். பெட்டியைத் திறந்து பார்க்கும் வரையில் பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்றல்லவா புது பௌதிகத்தின்படி சொல்ல வேண்டி வருகிறது என்று அவர் கேலி செய்தார். நமது பௌதிக உபாத்தியாயர் இதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் சிரித்துக் கொண்டிருந்தார்.

விவாதம் இரண்டு மத்தியானங்கள் நடந்தது. கடைசியில் ஆங்கில உபாத்தியாயினி அம்மாள் சமாதானம் செய்து வைத்தார். டி. எஸ். எலியட் என்ற கவிஞர் 1939-ல் பூனைகளைப் பற்றி ஒரு பாட்டுப் புஸ்தகமே வெளியிட்டிருக்கிறார் என்றும், ஒரு பூனைக்கு மூன்று பெயர்கள் வேண்டும் என்பது அவர் கட்சியென்றும் சொல்லி, "அவரவர் இஷ்டப்படி கூப்பிட்டால் போகிறது" என்றார். எல்லோருக்கும் திருப்தி. கவிஞர் மூன்று என்றார். நாங்கள் ஏழு ஆக்கினோம். பியூன் மட்டும் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. "குட்டி, வா" என்பார். எலி, பூனை, அணில் இவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்ற சொல்லைத் தொல்காப்பிய மரபியல் வழங்கியிருக்கிறதென்று தமிழாசிரியர் அதற்கும் சம்மதம் தந்தார்.

பூனையோ ஏழு பெயரில் எதற்கும் வருவதில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடி திறக்கும் ஓசைக்கு மட்டும் வந்தது. டோக்கியோவில் ஸோபியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் பிற்பாடு படித்தோம். வீட்டில் வளரும் பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகின்றனவாம். ஜப்பானில் காப்பிக் கடைகளில் பல பூனைகளை வளர்க்கிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவற்றைக் கொஞ்சுவார்கள். அந்தக் கடைப் பூனைக்கு மட்டும் தன் பெயருக்கும் கூட இருக்கும் பூனையின் பெயருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். இதை நாம் முன்பே படித்திருக்கலாம்.

ஆகார விஷயத்திலும் ஆரம்பத்தில் குளறுபடிதான். பூனை என்றால் பால் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். பசும்பால் குட்டியின் வயிற்றைக் கெடுத்தது. வளர்ந்த பூனைகளிலும் பலவற்றுக்கு அது ஜீரணமாகாதாம். தமிழாசிரியர் சுத்த சைவர். தம் தயிர் சாதத்தில் ஒரு கவளம் வைத்தார். அது மரியாதைக்கு நக்கிவிட்டு நகர்ந்தது. பூனைக்கு மாமிசமில்லாமல் முடியாது. மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் அதற்குக் கண் பார்வை போகும் என்பதை 1970-களிலும், இருதயம் கெடும் என்பதை 1987-லும் கண்டறிந்தார்கள். இதைப் பிராணி சாஸ்திர அம்மாள் சொன்ன மறுநாள் முதல், தமிழாசிரியர் வரும் வழியில் மீன் கடையில் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நின்று பத்து ரூபாய்க்கு நெத்திலி வாங்கி வந்தார். அதை அவித்துக் கொடுப்பது பியூன் பொறுப்பு. அந்தப் பையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வாயிலில் நுழையும் காட்சிக்காகவே நாம் சீக்கிரம் பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு.

எலி பிடித்ததா என்று கேட்பீர்கள். படங்களிருந்த அறையில் ஒரு வளைக்கெதிரே கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். மாமல்லபுரத்துப் பாறையில், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்யும் ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறார்கள் அல்லவா? அதைச் சுற்றி எலிகள் பயமில்லாமல் நிற்கும். நமது பூனையைச் சுற்றியும் அப்படித்தான் நின்றன. ஆனால் அது பௌதிக உபாத்தியாயரின் தராசில் வாரா வாரம் எடை கூடியது. மார்கழி பிறந்தபோது ஒரு கிலோ எழுநூறு.

டிசம்பர் 23-ஆம் தேதி மாலை அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. ஜனவரி 2-ஆம் தேதிதான் மறுபடி பள்ளிக்கூடம். டிரில் மாஸ்டர் மாலை போட்டிருந்தார். அன்று ராத்திரியே சபரிமலைக்குக் கிளம்பினார். ஆங்கில உபாத்தியாயினி கிறிஸ்துமஸுக்காகத் தாய்வீடு போனார். பியூனுக்கு மகளின் பிரசவம். தமிழாசிரியரும் நாமும் கணக்கு வாத்தியாரும் ஊரில்தான் இருந்தோம். பியூன் பார்த்துக்கொள்வார் என்று தமிழாசிரியர் நினைத்தார். தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று கணக்கு வாத்தியார் நினைத்தார். நாம் என்ன நினைத்தோம்? நினைத்ததாகவே ஞாபகமில்லை.

விடுமுறையில் ஐந்தாம் நாள் காலை, தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. சட்டென்று பூனையின் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் நம் வீட்டிலிருந்து நாலே தெரு. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் எட்டு நிமிஷம். நாம் நடக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துக் குழுவில் "பூனை சௌக்கியமா?" என்று எழுதினோம். ஐந்து நிமிஷத்தில் ஒரு கட்டைவிரல் வந்தது. மனம் நிம்மதியடைந்து காப்பி குடித்தோம். அந்தக் கட்டைவிரலை அனுப்பியவர் கணக்கு வாத்தியார். 'நல்ல கேள்வி, எனக்கும் அதுதான் கவலை' என்ற கருத்தில் அனுப்பினாராம்.

வைஷ்ணவ சம்பிரதாயத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே அதைக் கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் உவமையாக எடுப்பார்கள். நமது குட்டி அதன் நியாயப்படி நடந்துகொண்டது. பதினோரு தாய்களில் ஒருவர்கூடக் கவ்வவில்லை.

ஜனவரி 2, 2025. காலை எட்டரை மணிக்குப் பௌதிக உபாத்தியாயர் ரஸாயன சாலையைத் திறந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாம் பின்னால் போய் எட்டிப் பார்த்தோம். டிசம்பர் 23-ஆம் தேதி சாயங்காலம், கதவைப் பூட்டியபோது அது உள்ளே புகுந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல்களுக்கு வலைக் கம்பி. பத்து இரவுகள். தொட்டிக்கு அடியில், ஈரத் தரையில், ஒரு துணி கிடப்பது போல் கிடந்தது. தொட்டியில் ஒரு குழாய் சொட்டிக் கொண்டிருந்தது. அந்தக் குழாயைப் பழுது பார்க்க வேண்டுமென்று பௌதிக உபாத்தியாயர் இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்து வந்தார். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அன்று நாங்கள் பார்த்தது வேறாக இருந்திருக்கும்.

"மூச்சு இருக்கிறது" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் வைத்த பெயரை அதன் பிறகு அவர் வாயால் நாம் கேட்டதே இல்லை.

டிரில் மாஸ்டர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நாம் பின்னால் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்துக்கொண்டோம். சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளுக்கும் கறவை மாடுகளுக்கும் நடுவில் வரிசையில் நின்றோம். டாக்டர் ஓர் இளம் பெண். நம்மிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். தராசில் ஒரு கிலோ இருநூறு காட்டியது. உடம்பில் தண்ணீர் குறைவு. தோலுக்கடியில் ஊசி மூலம் திரவம் ஏற்றினார். பசித்த வயிறென்று உடனே நிறையக் கொடுத்துவிடக் கூடாது, பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வரும் ஆகாரத்தைத் தாங்காது என்றார். பூனை நாலைந்து நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைந்து அதுவே உயிரை வாங்கிவிடுவதுண்டு என்றும், ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிக்கு ஒரு தரம், இரவிலும் ஊட்ட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பூனையின் பெயர்?" என்றார்.

"ராஜா" என்றார் டிரில் மாஸ்டர். "பாஸ்தெத்" என்றோம் நாம், அதே சமயத்தில்.

டாக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வளர்ப்பவர் யார்?"

"நாங்கள் எல்லோரும். பதினோரு பேர்."

"எல்லோரும் என்று எழுத இதில் இடமில்லை, ஸார்" என்றார் அந்தப் பெண், கோபமில்லாமல். "ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் எடுக்கிற ஒருவர் பேரைச் சொல்லுங்கள்."

இந்தப் பத்தியில் 'நாம்' என்று எழுதுவது வழக்கம். பத்திரிகை சம்பிரதாயம் அது. அதில் ஒரு கௌரவம் இருக்கிறது, சௌகரியமும் இருக்கிறது. நாம் தீர்மானித்தோம், நாம் வளர்த்தோம், நாம் மறந்துவிட்டோம் என்று எழுதும்போது, மறந்தவன் யார் என்று ஒருவரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சீட்டில் நாம் கையெழுத்துப் போட்டபோது, இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் எழுதாத நமது சொந்தப் பெயரை, இனிஷியலோடு, ஒருமையில் எழுதினோம். பூனையின் பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது. "அப்புறம் வந்து சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

வீட்டில் பூனை கூடாதென்பது நம் சகதர்மிணியின் இருபது வருஷத்துச் சட்டம். வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டவள், பெட்டிக்குள் பார்த்த பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பழைய புடைவை ஒன்றைக் கிழித்து, அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் விரித்தாள். ஊசியில்லாத ஊசிக் குழலில், டாக்டர் கொடுத்த ஆகாரத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இரவு இரண்டு மணிக்கு நாம் எழுந்து வந்தபோது அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். "இன்னும் ஒரு சொட்டு. அவ்வளவுதான், ஒரே சொட்டு. இதோ பார், சொட்டு" என்று சொல்லிக் கொண்டிருந்தாள். நமது குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த காலத்துக் குரல் அது.

மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தன. நாலாம் நாள் காலையில் அவள் கூடத்திலிருந்து நம்மிடம் ஏதோ சொல்ல வந்து, "குழலில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை" என்றாள். அடுப்பங்கரைப் புடைவையில் கிடந்தது தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. "சொட்டு" என்றாள் மறுபடியும், சோதித்துப் பார்ப்பது போல. தலை தூக்கியது.

அடுத்த வாரம் உபாத்தியாயர் அறையில் விஷயத்தைச் சொன்னபோது யாரும் வாதாடவில்லை. சுத்தத் தமிழ்ப் பெயர் என்றார் தமிழாசிரியர். பௌதிக உபாத்தியாயர் ரஸாயன சாலைக் கதவைப் பார்த்தார். "அந்தக் குழாயின் பெயரா?" என்று கேட்டார். நமது வீட்டு அடுப்பங்கரைக் கதையை நாம் சொன்னோம். இரண்டுக்கும் பொருந்துகிறதே என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார். டிரில் மாஸ்டர் ஒரு வாரம் வரையில் ரகசியமாக "ராஜா" என்று கூப்பிட்டுப் பார்த்தார் என்று கேள்வி. அது திரும்பிப் பார்க்கவில்லையாம்.

வாட்ஸப் குழு இன்னும் இருக்கிறது. பண்டிகை வாழ்த்துக்களுக்கு உபயோகமாகிறது. அதற்குப் பதிலாக ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்கி, அறையின் ஆணியில் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, வைத்த ஆகாரம், கையெழுத்து என்று மூன்றே பத்திகள். கையெழுத்து ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும். சனி, ஞாயிறுகளுக்கும் விடுமுறைகளுக்கும் பெயர்கள் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும். பள்ளிக்கூடத்தைப் பூட்டுமுன் பியூன் பூனையைக் கண்ணால் கண்டு, நோட்டில் ஒரு கோடு போட்ட பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்.

உடம்பு தேறியதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். வருஷம் ஒரு தரம் போட்டுக்கொள்ள வேண்டும். பங்குனியில் கருத்தடை ஆப்பரேஷன் ஆயிற்று. பூனையின் கர்ப்பம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். விட்டு வைத்திருந்தால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இன்னும் நாலைந்து குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் நிலை வந்திருக்கும். ஒரு பூனைக்கே நாங்கள் பட்டது போதும் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள்.

சித்திரையில் தலைமை ஆசிரியரின் ஆறு மாதக் கெடு முடிந்தது. அறிக்கை கேட்டார். பிடித்த எலிகள் ஏழு, நாங்கள் பார்த்த மட்டில். மங்கோலியாவுக்கு மேற்கொண்டு சேதமில்லை என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதோடு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, ரஸாயன சாலைக் குழாயைப் பழுது பார்க்கவும் ஆள் அனுப்பினார். குழாய்க்காரன் பழைய தோல் வளையத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டு முடுக்கினான். சொட்டுவது நின்றது. தொட்டிக்குப் பக்கத்து மேஜைமேல் உட்கார்ந்து அவன் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்த பூனை, அவன் போன பிறகும் வெகு நேரம் குழாயின் வாயையே பார்த்துக் கொண்டிருந்தது. பௌதிக உபாத்தியாயர் ஒரு மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதன் அடியில் வைத்தார். நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே, ஆகாரம் என்ற பத்தியில் 'தண்ணீர்' என்று எழுதி, தம் பெயரைப் போட்டார்.